இரண்டோடு நிறுத்துங் கை

இலண்டன் மாநகரின் நடுவே, செயின்ட் சேம்சு பகுதியில், தியூக்சு என்னும் விடுதி ஒன்று உண்டு. அதன் குடிப்பகத்தில் விருந்தினர் அமர்ந்திருக்கும் மேசையருகே மரத் தள்ளுவண்டியொன்று உருண்டுவந்து நிற்கும். தேறல் கலப்பவர் அவர்தம் கண்முன்னேயே மார்தினியை ஆக்கித் தருவார். செல்வர்க்குரிய வெறும் பகட்டு என்று இதனை ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயினும் அவ்வண்டியில் பகட்டினும் மேலானதொன்றும் ஏறி வருகின்றது.

செய்முறையைப் பாருங்கள். குவளையும் சின் என்னும் சாராயமும் முன்னரே உறைவிப்பெட்டியில் வைக்கப்பெற்றிருக்கும். நீர் கல்லாய் இறுகும் கடுங்குளிரிலும் சின் உறைவதில்லை. எண்ணெய்போற் சற்றே தடிக்கும், அவ்வளவே. வெர்மூத்து என்னும் மணத்தேறலைச் சிறிது குவளையில் ஊற்றிச் சுழற்றிக் கீழே கம்பளத்தில் வீசிவிடுவர்! பின்னர்ச் சின்னை வார்த்து, எலுமிச்சைத் தோலைச் சீவிப் பிழிந்து, அதனையும் உள்ளே இடுவர். பனிக்கட்டி இல்லை, கலக்குதல் இல்லை, குலுக்குதலும் இல்லை. தெளிந்த கள்ளுக்கே தேறல் என்று பெயரிட்டனர் நம் முன்னோர். இக்குவளைக்கும் அச்சொல் நன்கு பொருந்தும். குடித்தவனின் தெளிவுதான் ஐயத்திற்குரியது.

ஏனெனில், பிறவிடங்களிற் பனிக்கட்டியோடு கலக்கும்பொழுது அது கரைந்து, குவளையில் ஐந்திலொரு பங்கோ அதற்கு மேலோ நீராகிவிடும். இங்கோ நீர் ஒரு துளியும் இல்லை. புட்டிலில் இருந்த கடுமை அப்படியே தொண்டைக்குள் இறங்குகின்றது. அதன் எரிவையோ குளிர் மறைத்துவிடுகின்றது. ஆகவேதான் ஒருவர்க்கு இரண்டு மார்தினிக்கு மேல் இல்லை என்பது அங்குள்ள நடைமுறை. நூற்றுக்கு 40 பங்கு வெறியமுள்ள சின் 100 மில்லி இலிட்டர் என்று கொண்டால், இரண்டு குவளையில் 8 அலகு. பிரித்தானிய மருத்துவ வல்லுநர் 2016-இல் வகுத்த வரம்போ ஒரு கிழமைக்கு 14 அலகு!

சேம்சு பாண்டைப் படைத்த இயான் பிளெமிங்கு வந்துபோன இடம் இஃது என்பர். கதைத்தலைவன் எத்தனை குடித்தாலும் அவன் ஈரல் கெடுவதில்லை. அவனைப் பார்த்துக் குடிக்க வருவோர்க்கு அந்த நற்பேறு இல்லை.

அதே நகரின் மேபேர் பகுதியிலுள்ள கன்னாட்டுக் குடிப்பகத்திலும் இத்தகைய வண்டி உண்டு. விருந்தினர் ஏலம், இலவந்தர் முதலியவற்றின் கைப்புச்சாறுகளை முகர்ந்து தேர்ந்தெடுப்பர். தேறலை உயரத்தினின்று நூல்போல் ஒழுகவிடுவர். உலகின் சிறந்த குடிப்பகங்களின் பட்டியலொன்றில் அஃது 2020, 2021 ஆண்டுகளில் முதலிடம் பெற்றது. கைத்திறன் கைத்திறனே, மறுப்பாரில்லை. ஆனால் இன்று பல நகரங்களின் உயர்விலை உணவகங்கள் தள்ளுவண்டி வாங்குகின்றன; புகையெழுப்புகின்றன; தீமூட்டுகின்றன. உருளையைக் கற்றுக்கொண்டார்கள், வரம்பைக் கற்றுக்கொள்ளவில்லை.

குடியே வேண்டாவெனும்போது இரண்டென்ன, மூன்றென்ன என்று வினவலாம். குடியாதவனுக்கு இச்சிக்கலே இல்லை. ஆனால் குடிப்பவன் எதிரே விற்பவன் எவ்வாறு நிற்கின்றான் என்பது பார்க்கத்தக்கது. வெறியுற்றான் என்றறிந்தே ஒருவனுக்கு விற்பது இங்கிலாந்தின் 2003-ஆம் ஆண்டு உரிமச் சட்டப்படி குற்றம். நெரிசலில், பலகைக்குப் பின்னால் நிற்பவன் எவன் முகத்தைக் காண்பான்? மேசையருகே நிற்பவனோ நாக்குழறலையும் கண்சிவப்பையும் கையெட்டுந் தொலைவிற் காண்கின்றான். கண்ட பின்னும் வார்ப்பானாயின் அறியேன் என்று சொல்ல அவனுக்கு வழியில்லை.

ஆனால் அவன் வயிற்றையும் எண்ண வேண்டும். இலண்டன் உணவகங்களில் விலைத்தொகையோடு நூற்றுக்குப் பன்னிரண்டரை அளவிற்குப் பணிக்கட்டணம் சேர்ப்பது பெருவழக்கு. அது பணியாளர்க்கே சேரவேண்டும் என்னுஞ் சட்டம் 2024 அக்குத்தோபரில் நடைமுறைக்கு வந்தது. நல்ல சட்டமே, எனினும் மூன்றாங் குவளையை மறுப்பவன் தன் கூலியையும் சேர்த்தன்றோ மறுக்கின்றான்? அவனை அவ்விடுக்கணில் தனியே நிறுத்தாமல், வரம்பை வீட்டின் வழக்கமாக்கி முன்னரே அறிவித்துவிட வேண்டும். அப்பொழுது இல்லையென்று சொல்வது அவன் வாயன்று, அவ்விடுதியே. வண்டி வாங்கும் முதலாளிகள் அதன் விலையோடு இதனையும் சேர்த்து வாங்கட்டும்.