கழுத்தறுப்பு

பீரோவைத் திறந்து ஒரு ஜாக்கெட்டை எடுங்கள். ஆண்களும்தான். வீட்டில் கேட்டால் என் பெயரைச் சொல்லிக்கொள்ளுங்கள். உள்பக்கமாகத் திருப்பிக் கழுத்தைப் பாருங்கள்.

வளைவை ஒட்டி ஒரு மெல்லிய பட்டி ஓடும். அதற்குப் பெயர் கிராஸ் பீஸ். துணியை நேர்வாக்கில் வெட்டாமல், மூலைவாக்கில், 45 டிகிரியில் வெட்டி எடுப்பது. துணியை இழை ஓடும் திசையில் இழுத்தால் அசையாது. மூலைவாக்கில் இழுத்தால் நெகிழ்ந்து கொடுக்கும். அதனால்தான் வளைவோடு வளைந்து படிகிறது. நேராக வெட்டிய பட்டியை வைத்துத் தைத்தால் சுருக்கம் சுருக்கமாக நிற்கும்.

தைக்கும்போது பட்டியை அதிகமாக இழுத்தால் கழுத்து சுருங்கும். கழுத்தை இழுத்தால் ‘ஆ’வென்று பிளந்துகொள்ளும். பிறகு வளைவு நெடுகக் கத்தரியால் சின்னச் சின்ன வெட்டு. தையலுக்கு ஒரு நூல் முன்னால் நிறுத்த வேண்டும். தாண்டினால், துணி போச்சு! கடைசியில் உள்ளே மடித்துக் கையால் ஹெம்மிங். நல்ல ஹெம்மிங் வெளியே தெரியாது. போடுகிறவரும் தெரிய மாட்டார்.

எங்கள் தெரு தையல் கடையில் ஒரு அம்மா. புதுப் பட்டுப்புடவை, அதற்கு ஜாக்கெட். ஜவுளிக் கடையில் சீட்டில் போட்டிருந்த விலையை மூச்சுவிடாமல் கொடுத்தவர், இங்கே இருபது ரூபாய்க்கு மல்லுக்கட்டினார். “அரை மணி நேர வேலை, இதுக்குப் போயி இவ்வளவா?” ஜெயித்துவிட்டுப் போனார்.

“அந்த இருபது ரூபா யாருக்கு நஷ்டம்ணே?” என்று டெய்லரைக் கேட்டேன்.

“எனக்குப் பாதி சார். மீதி, ஹெம்மிங் போடுற அக்காவுக்கு. கடை வாடகையக் குறைக்க முடியுமா, கரண்ட் பில்லைக் குறைக்க முடியுமா?”

நான் படித்தது பி.காம். மெட்டீரியல், லேபர், ஓவர்ஹெட் என்று செலவை மூன்றாகப் பிரிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். மூன்றில் எதிர்த்துப் பேசாதது எது என்று அந்தப் புத்தகத்தில் இல்லை. அதை டெய்லர் சொல்லிக்கொடுத்தார்.

வீட்டிலேயே உட்கார்ந்து கூலி வேலை செய்கிறவர்களையும் மற்றத் தொழிலாளர்களுக்குச் சமமாக நடத்த வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996-லேயே ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. இந்தியா இன்னும் அதை ஏற்று உறுதி செய்யவில்லை. அரசாங்கத்தைத் திட்டுவது சுலபம். நாமும் இருபது இருபது ரூபாயாக அதையேதான் செய்துகொண்டிருக்கிறோம்.

“கழுத்து தூக்கிக்கிட்டு நிக்குதே, அதுக்கும் முழுக் காசா?” என்கிறீர்களா? கோணலாக இருந்தால் பிரித்துத் தைக்கச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை. ஆனால், தைக்கும் முன்பே கூலியை வெட்டிவிட்டு, தைத்தபின் நேர்த்தியைத் தேடாதீர்கள்.

அடுத்த முறை பேரம் பேச வாய் வந்தால், ஒரு விஷயம் நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கழுத்து எடுப்பாகத் தெரிய, எங்கேயோ ஒரு வீட்டுத் திண்ணையில் ஒருத்தி கழுத்து வலிக்கக் குனிந்திருக்கிறாள். அவள் கழுத்தில் கை வைக்காதீர்கள்.