மாயக் கதையும் கற்றோரும்

மாயக் கதைகள் சிறுவர்க்கே உரியன, கற்றோர் அவற்றில் காலம் போக்குதல் தகாது என்பார் உளர். அக்கருத்துக்கு நாம் உடன்படோம்.

ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலம் கற்பித்த பேராசிரியர் டோல்கீனே 1937இல் 'ஹாபிட்' என்னும் சிறுவர் புதினத்தை வெளியிட்டார். பழங்காப்பியப் புலமையே அவர்தம் கற்பனைக்கு ஊற்றாயிற்று. அதில் வரும் பில்போ என்னும் எளியவன், போரைத் தவிர்க்கும்பொருட்டு, புதையலில் தன் பங்காகக் கொண்ட ஒப்பற்ற மணியை எதிரணியினர்க்கே ஈந்துவிடுகிறான். இளமையில் படிப்போர் நெருப்பு உமிழும் டிராகனை வியப்பர். நாற்பதைக் கடந்து மீண்டும் படிக்கையில் நம் நெஞ்சை நிறைப்பது அவ்வீகையே.

மாணவர் கையில் இத்தகைய நூலைக் கண்டால் ஆசிரியப் பெருமக்கள் கடிந்துரைக்க வேண்டா. அவர்கள் முடித்தபின் கேட்டு வாங்கித் தாமும் படிப்பாராக.