ஜீப் ஏறுவதற்கு முன்னால்

தினமும் நடங்கள், வேளைக்குச் சாப்பிடுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள், குத்தவைத்து உட்காராதீர்கள். சர்க்கரை, பிரஷர், மூட்டுவலி என்று எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இந்த நான்கையும் சொல்லித்தான் அனுப்புகிறார்கள். நல்ல புத்திமதிதான். எனக்குச் சர்க்கரை வந்ததிலிருந்து நான் இதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். விடிந்ததும் பரமசிவன் கோயில் பக்கம் ஒரு நடை. எட்டரைக்குள் காலைச் சாப்பாடு. தட்டில் சோறு குறைந்து, முருங்கைக்கீரையும் பயறும் கூடியிருக்கின்றன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடுகிறேன். உடம்பும் சொன்னபடி கேட்கிறது. மத்தியானமானால் கண்ணைச் சொருகிக்கொண்டு வந்த அசதி இப்போது இல்லை.

இதற்காக யாராவது என் மனஉறுதியைப் பாராட்டினால் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. என் காலைப்பொழுது என் கையில் இருக்கிறது. வீட்டுக்குள்ளேயே கக்கூஸ் இருக்கிறது. பசித்தால் எழுந்துபோய்ச் சாப்பிட அடுப்படி இருக்கிறது. எங்கள் போடியில் எத்தனையோ பெண்களுக்குப் பகல் முழுக்க இந்த மூன்றும் கிடையாது. அவர்கள் மலைக்கு ஏலக்காய் எடுக்கும் வேலைக்குப் போகிறவர்கள்.

போடிநாயக்கனூரில் ஏலக்காய் விற்பனைதான் நடக்கிறது. காய் விளைவதெல்லாம் மேலே, போடிமெட்டுக்கு அப்பால், இடுக்கி மாவட்டத்துப் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைப் பக்கத்தில். மலையடிவாரத்து முந்தலைத் தாண்டினால் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏறி முடிக்கும்போது 4,000 அடி உயரத்துக்கு மேல் வந்திருப்போம். போடி, தேவாரம், கோம்பை, கம்பம் வட்டாரத்துப் பெண்கள் விடியுமுன் ஜீப்பில் அடைந்துகொண்டு மலையேறி, பொழுது சாய இறங்குகிறார்கள். கேரளத் தோட்டங்களில் கூலி கூடுதல். அந்தக் கூடுதல் காசுக்காக நாலு மணிக்கே எழுந்து சோறாக்கி, பிள்ளைகளுக்கு எடுத்து வைத்து, தூக்குவாளியில் தனக்கும் ஊற்றிக்கொண்டு இருட்டோடு கிளம்புகிறார்கள்.

சர்க்கரை மாத்திரை வாங்கும் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு அக்காவிடம் பேச்சுக் கொடுத்தேன். ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். விரல் நுனிகளில் காய் எடுத்த கறை கறுப்பாக ஏறியிருந்தது. அவர் என்னிடம் கேட்டது இது:

“ஏத்தா, படிச்சவ மாதிரி இருக்க. இந்தச் சாப்பாட்டுக்கு முன்னாடி மாத்திரைய நான் எப்பப் போட? அஞ்சு மணிக்கு வீட்டுல போட்டுக்கிட்டு ஜீப்பு ஏறுனா, மேல போயி வாளியத் தொறக்க பத்து மணி ஆயிருது. அதுக்குள்ள கையி காலு வெடவெடன்னு வருது.”

“டாக்டர்கிட்டச் சொன்னீங்களாக்கா?”

“எங்கிட்டுச் சொல்ல? பின்னாடி இம்புட்டுப் பேரு நிக்காக.”

இது சின்னக் கேள்வி இல்லை. சர்க்கரை மாத்திரைகளில் சில, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. கிளிமிப்பிரைடு அந்த வகை. அதைப் போட்ட கையோடு சாப்பிட வேண்டும். வயிறு காலியாகக் கிடந்தால் ரத்தத்தில் சர்க்கரை சரசரவென்று இறங்கிவிடும். வேர்க்கும், கை நடுங்கும், பார்வை மங்கும், மயக்கம் வரும். சரிவான தோட்டத்தில் செடிக்கு நடுவே தனியாக நிற்கும்போது மயக்கம் வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். மலைக்குப் போகிறவர் என்று தெரிந்தால் மருத்துவர் வேளையை மாற்றிக் கொடுக்கலாம், மாத்திரையையே மாற்றலாம். அதற்கு அவர் “என்ன வேலை பார்க்கிறீங்க, எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க?” என்று கேட்க வேண்டும். கேட்க நேரமில்லாத கூட்டத்தில் இந்த அக்கா தானாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தார். வேலைக்குப் போகிற நாளில் மாத்திரை கிடையாது. வேலையோ வாரத்தில் ஆறு நாள்.

பிரஷர் மாத்திரைக்கும் இதே கதைதான். அதில் ஒரு வகை, சிறுநீரைக் கூடுதலாகப் பிரிக்கும். தோட்டத்தில் ஒதுங்க இடம் இல்லை. நாலு ஆம்பளைகள் பூச்சிமருந்து அடித்துக்கொண்டு நிற்கும் இடத்தில் எங்கே போய் ஒதுங்குவது? ஆகவே அதையும் போடுவதில்லை, தண்ணீரும் குடிப்பதில்லை. மேலே குளிராக இருப்பதால் தாகமும் தெரிவதில்லை. காலையில் ஜீப் ஏறுவதற்கு முன் ஒருதரம் போனால், சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான். அப்படி அடக்கி அடக்கி நீர்க்கடுப்பு வராத பெண் யாராவது உண்டா என்று கேட்டால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். சர்க்கரை இருப்பவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று சுலபமாக வரும், சீக்கிரம் போகாது, சிறுநீரகம் வரைக்கும் ஏறும். மாதவிலக்கு நாட்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா?

“குத்தவைத்து உட்காராதீர்கள்” என்ற புத்திமதியைத்தான் என்னால் தாங்கவே முடியவில்லை. ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் வளரும். ஆனால் காய், இலைக்கு நடுவிலோ உச்சியிலோ காய்ப்பதில்லை. தூரிலிருந்து சரம் சரமாகக் கிளம்பித் தரையோடு தரையாகப் படரும் கொத்துகளில் காய்க்கிறது. ஒரு சரத்தில் எல்லாக் காயும் ஒன்றாக விளையாது. விளைந்ததை விரலால் பார்த்துத் தனியாகக் கிள்ள வேண்டும், பிஞ்சும் பூவும் உதிரக் கூடாது. குனிந்தோ குத்தவைத்தோதான் எடுத்தாக வேண்டும். ஒரு தூரை முடித்து எழுந்து, ஈரச் சருகில் கால் ஊன்றி, அடுத்த தூருக்குப் போய் மறுபடி உட்கார வேண்டும். ஆடியில் தொடங்கித் தை வரைக்கும் சுற்றுச் சுற்றாக இதே வேலை. மூட்டு தேயும் என்று டாக்டர் சொல்வது உண்மை. குந்தாமல் ஏலக்காய் பறிக்க முடியாது என்பதும் உண்மை. இந்த இரண்டுக்கும் நடுவில் காய் எடுக்கும் அம்மா என்ன செய்வார்? வலி மாத்திரை வாங்கிப் போடுகிறார். சீட்டு இல்லாமல் மெடிக்கலில் வாங்கித் தினமும் விழுங்கும் வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கும், பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். தண்ணீர் குடிக்காத உடம்பில் அது இன்னும் வேகமாக நடக்கும்.

மழைக்காலத்தில் அட்டை வேறு. காலில் சோப்போ புகையிலையோ தேய்த்துக்கொண்டு போகிறார்கள். கடித்தது தெரியாது. விழுந்த பிறகும் ரத்தம் நிற்காமல் கசியும், அட்டையின் எச்சில் ரத்தத்தை உறையவிடாது. மற்றவர்களுக்கு அது ஆறிவிடும். சர்க்கரைக்காரர் காலில் அந்தச் சின்னப் புண் பெரிதாகலாம். வீட்டுக்கு வந்ததும் விரலிடுக்கு, குதிகால் எல்லாம் வெளிச்சத்தில் பார்த்து, சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள்.

கையையும் அப்படித்தான் கழுவச் சொல்ல வேண்டும். பூச்சிமருந்து அதிகம் வாங்கும் பயிர்களில் ஏலமும் ஒன்று. தண்டுதுளைப்பானுக்கும் இலைப்பேனுக்கும் திரும்பத் திரும்ப அடிக்கிறார்கள். இந்த மருந்துகளில் பல தோல் வழியாகவே உடம்புக்குள் போகும். மருந்தடித்த செடியில் காய் எடுத்த கையோடு கஞ்சியைப் பிசைந்து குடிப்பதை நான் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் சோப்பும் இல்லை, கை கழுவத் தண்ணீரும் இல்லை. தலைவலி, வாந்தி, எச்சில் ஊறல், கண் மங்கல் எல்லாம் சேர்ந்து வந்தால் அது பித்தம் இல்லை, மருந்து ஏறியிருக்கிறது. உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும். அடித்த மருந்தின் டப்பாவையும் கையோடு எடுத்துப் போனால் டாக்டருக்கு உதவும்.

தோட்டத்தில் குடிநீரும் கழிப்பறையும் வேண்டும் என்பது புதுக் கோரிக்கை இல்லை. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே அதைத் தோட்டக்காரர் பொறுப்பு என்று எழுதி வைத்தது. பிற்பாடு ஏலத்தோட்டங்களையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். ஆனால் 5 ஹெக்டேருக்குக் குறையாத, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தோட்டங்களுக்குத்தான் அந்தச் சட்டம் பொருந்தியது. ஏலமலையில் சின்னத் தோட்டங்கள் ஏராளம். இன்றைக்கு ஒரு தோட்டம், நாளைக்கு ஒரு தோட்டம் என்று ஜீப்பில் போய் இறங்குகிறவர்களை எந்தப் பதிவேட்டில் தேடுவது? போகிறவர்கள் தமிழ்நாட்டுக்காரர்கள், தோட்டம் கேரளத்தில். இரண்டு அரசுகளுக்கும் நடுவில் இந்தப் பெண்கள் விடுபட்டுப் போகிறார்கள்.

தமிழ்நாட்டில் 2020-இல் எடுத்த கணக்கெடுப்பில், பிரஷர் உள்ளவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் நூற்றுக்கு 7 பேர்தான் என்று தெரிந்தது. சர்க்கரையில் நூற்றுக்கு 11 பேருக்கும் குறைவு. அந்த நிலையை மாற்றத்தான் 2021 ஆகஸ்ட் 5 அன்று மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டம் தொடங்கியது. வீடு தேடி வந்து பிரஷர் பார்த்து, மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். எங்கள் தெருவுக்கும் வருகிறார்கள். அருமையான திட்டம், அதில் எனக்கு இரண்டாம் பேச்சே இல்லை. ஆனால் அவர்கள் வரும் பகல் வேளையில் யார் வீட்டில் இருக்கிறார்கள்? நான் இருக்கிறேன். எதிர்வீட்டு அம்மா உடும்பன்சோலையில் காய் எடுத்துக்கொண்டிருக்கிறார். அவர் மாத்திரையை மாமியார் வாங்கி வைக்கிறார். மருமகளுக்குப் பிரஷர் எவ்வளவு இருக்கிறது என்று மாதக்கணக்கில் யாரும் பார்ப்பதில்லை.

தேனி மாவட்டச் சுகாதாரத் துறையிடம் நான் கேட்பது ஒன்றுதான். மலைக்குப் போகும் பெண்கள் எல்லோரும் ஒரே இடத்தில் கூடும் நேரம் ஒன்று இருக்கிறது. விடியுமுன் ஜீப்புக்குக் காத்து நிற்கும் நேரம் அது. சாயங்காலம் இறங்கும்போதும் அதே இடத்துக்குத்தான் வருகிறார்கள். போடியிலும் தேவாரத்திலும் கம்பத்திலும் அங்கே ஒரு மேசையும் பிரஷர் கருவியும் ஒரு நர்ஸும் இருந்தால் போதும். வாரத்தில் ஒரு நாள் வந்தாலும் பலன் உண்டு. வேலைக்குப் போகிறவருக்கு ஏற்ற மாத்திரை எது, எத்தனை மணிக்குப் போடுவது என்று அங்கேயே சொல்லிவிடலாம். தோட்டக்காரர்களிடம் கேட்பதும் பெரிதில்லை. மறைவாக ஒரு கழிப்பறை, ஒரு குடம் நல்ல தண்ணீர், ஒரு சோப்பு. மருந்தடித்த அன்றைக்கு அந்தப் பக்கம் பெண்களை இறக்காதீர்கள்.

மலைக்குப் போகும் அக்காமாரே, மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் முதல் வார்த்தையாக “நான் மலைக்கு வேலைக்குப் போறேன், பத்து மணிக்குத்தான் சாப்பிடுவேன்” என்று சொல்லுங்கள், பின்னால் எத்தனை பேர் நின்றாலும் சரி. முந்தியில் கொஞ்சம் சீனியை முடிந்துகொள்ளுங்கள். கை நடுங்கினால் உடனே வாயில் போடுங்கள். மலைக்குப் போகும் அம்மா உங்கள் வீட்டில் இருந்தால், வேலையில்லாத நாள் வந்ததும் முதல் வேலையாக அவரைக் கூட்டிப்போய்ப் பிரஷரும் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள்.