வாய்தாவில் வளரும் பிள்ளைகள்

எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்த ஆறு மாதத்துக்குள் விவாகரத்து வழக்கை முடிக்கப் பார்க்க வேண்டும். கூடுமானவரை தினந்தோறும் விசாரிக்க வேண்டும். இந்து திருமணச் சட்டத்தில் 1976இல் சேர்த்த 21பி பிரிவு இப்படிச் சொல்கிறது. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள குடும்ப நல நீதிமன்ற வராந்தாவில் காத்து நிற்பவர்களிடம் இதைப் படித்துக் காட்டினால் சிரிப்பார்கள்.

ஆபீசுக்கு லீவு போட்டு, காலையிலேயே வந்து நிற்கிறார் ஒரு பெண். டவாலி பெயரைக் கூப்பிடுகிறார். "இன்னும் கவுன்டர் போடலீங்கய்யா, டைம் வேணும்" என்கிறது எதிர்த்தரப்பு. அடுத்த மாதம் ஒரு தேதி. அவ்வளவுதான், அன்றைய நீதி முடிந்தது.

எங்கே போகிறது இவ்வளவு காலமும்? வீடு பூட்டியிருப்பதாகத் திரும்பி வரும் சம்மனில் கொஞ்சம் போகிறது. கணவன் ஒரு மாநிலம், மனைவி வேறு மாநிலம் என்றால் வழக்கை மாற்றக் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டும். நடுவில் நீதிபதிக்கு மாற்றல் வரும். சமரசத்துக்கு முயல வேண்டும் என்று 1984ஆம் ஆண்டுக் குடும்ப நல நீதிமன்றச் சட்டமே சொல்வதால் கவுன்சலிங்கும் உண்டு. அதைக் குறை சொல்ல முடியாது. சேர்ந்து போனவர்களும் இருக்கிறார்கள். ஆனால் இருவரில் ஒருவர் இழுத்தடிப்பது என்று முடிவு கட்டிவிட்டால் கவுன்சலிங்கும் இன்னொரு வாய்தாதான்.

இருவரும் ஒத்துப்போனால் சிக்கல் குறைவு. சம்மத விவாகரத்துக்குச் சட்டம் விதிக்கும் ஆறு மாதக் காத்திருப்பைக்கூட நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒருவர் முரண்டு பிடித்தால் கதையே வேறு. இனிச் சேரவே வழியில்லாதபடி மணவாழ்க்கை முறிந்துபோனதை விவாகரத்துக்கு ஒரு காரணமாக இந்து திருமணச் சட்டம் ஏற்பதில்லை. 2023 தீர்ப்பின்படி உச்ச நீதிமன்றம் அரசியல் சாசனத்தின் 142ஆவது பிரிவைக் கொண்டு அப்படி விவாகரத்து தரலாம். குடும்ப நல நீதிபதிக்கு அந்த அதிகாரம் கிடையாது.

பெரியவர்கள் பாடு இப்படி. பிள்ளை விஷயத்தில் தாமதம் வெறும் தாமதமாக நிற்பதில்லை, அதுவே தீர்ப்பாகிவிடுகிறது. டெல்லியில் நடந்த வழக்கு ஒன்று. 2010இல் பெற்றோர் பிரிந்தபோது மகளுக்கு 21 மாதம். குழந்தை ராணுவத்தில் இருந்த அப்பாவிடம் தங்கிவிட்டது. ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது 1956ஆம் ஆண்டு இந்து சிறார் பாதுகாவலர் சட்டம். குடும்ப நல நீதிமன்றம் அம்மாவின் மனுவைத் தள்ளியது. 2013இல் உயர் நீதிமன்றம் அம்மா பக்கம் தீர்ப்பளிக்க, அப்பா உச்ச நீதிமன்றம் போனார். 2017 பிப்ரவரியில் அங்கே முடிவு வந்தபோது சிறுமிக்கு எட்டு வயது. ஐந்து வயதுக் கணக்கெல்லாம் எப்போதோ காலாவதி. நீதிபதிகள் கேட்டபோது, அப்பாவோடுதான் இருப்பேன் என்றாள். வேறென்ன சொல்வாள்? அம்மாவோடு வாழ்ந்தால் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. இதையே காரணமாகச் சொல்லித்தான் நீதிமன்றம் அவளை அம்மாவிடம் அனுப்பியது. இன்னொரு நீதிபதி, பழகிய இடத்திலிருந்து பிள்ளையைப் பிடுங்கக் கூடாது என்று சொல்லியிருந்தாலும் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். பிள்ளையைக் கையில் வைத்திருப்பவருக்கு ஒவ்வொரு வாய்தாவும் லாபம்.

பணத்திலும் இதே கதை. இடைக்கால ஜீவனாம்ச மனுவை 60 நாளில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். நாக்பூரில் கைக்குழந்தையோடு ஒரு பெண் 2013 செப்டம்பரில் மனுப் போட்டார். குடும்ப நல நீதிமன்ற உத்தரவு வந்தது 2015 ஆகஸ்டில். அதை எதிர்த்துக் கணவர் உச்ச நீதிமன்றம் வரை போக, அங்கே 2020 நவம்பரில் முடிந்தது. அந்தத் தீர்ப்புதான் இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டும் என்றும், மனுப் போட்ட தேதியிலிருந்தே ஜீவனாம்சம் தர வேண்டும் என்றும் நாடு முழுவதற்கும் விதித்தது. நல்ல தீர்ப்பு. இருந்தும் உத்தரவு கையில் இருப்பதும் பணம் கைக்கு வருவதும் ஒன்றல்ல. கணவர் கட்டவில்லை என்றால் வசூலுக்குத் தனி மனு. பாக்கி விழுந்த ஓராண்டுக்குள் அதைப் போடாவிட்டால் அந்தத் தொகைக்கு வாரண்டு கிடைக்காது. போட்டால் அதற்கும் ஒரு நம்பர், ஒரு சம்மன், ஒரு வாய்தா.