நிறைமாதத்தில் அடுப்படியில் நிற்பது யார்?

ஒன்பதாவது மாதம். ஒரு கை இடுப்பில். இன்னொரு கையில் கரண்டி. அடுப்பில் வத்தக்குழம்பு கொதிக்கிறது. பக்கத்தில் ஏழெட்டு டப்பாக்கள் திறந்தபடி காத்திருக்கின்றன.

குழந்தை பிறந்தபின் வீட்டில் சமைக்க ஆள் கிடையாது. அதனால் இப்போதே சமைத்து, பிரிஜ்ஜில் உறைய வைத்துவிடலாம் என்று திட்டம்!

அம்பத்தூரை அடுத்த கள்ளிக்குப்பத்தில், புருஷன்-பெண்டாட்டி இருவர் மட்டும் குடியிருக்கும் வாடகை வீடுகளுக்கு இது தெரிந்த கதைதான். பெயர் வேண்டாம். இது பல வீட்டுக் கதை.

ஊரில் இருந்து மாமியார் போனில் கேட்கிறார்: "ஏம்மா, புள்ள பெத்தவளுக்கு பொட்டிக்குள்ள இருந்த பழசா? நாலு பேரு கேட்டா சிரிக்க மாட்டாங்க?"

மருமகள் சொல்கிறாள்: "வேற யாரு அத்தை செஞ்சு தருவாங்க? உங்களால மாடிப்படி ஏற முடியல. எங்கம்மாவுக்கு முட்டிவலி. அவருக்கு ஷிப்டு."

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டு பேருமே ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. அந்த "அவரு" இப்போது எங்கே? கூடத்தில் உட்கார்ந்து செல்போன் பார்க்கிறார்!

பழைய வழக்கம்தான்

பிள்ளை பிறக்கும் முன்பே சாப்பாட்டைத் தயார் செய்து வைப்பது வெள்ளைக்காரன் கொண்டு வந்த பழக்கம் அல்ல. நம் பாட்டிமார் செய்ததுதான்.

வளைகாப்பு முடிந்து பெண் தாய்வீட்டுக்கு வருவாள். அதற்கு முன்பே சுண்டைக்காயும் மணத்தக்காளியும் வெயிலில் வத்தலாகக் காய்ந்திருக்கும். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் எல்லாம் நாட்டு மருந்துக்கடையில் வாங்கி, லேகியம் கிளறி வைத்துவிடுவார்கள். அங்காயப்பொடி, கறிவேப்பிலைப் பொடி ஜாடியில் நிரம்பி இருக்கும்.

அன்றைக்கு வெயில் செய்த வேலையை இன்றைக்கு ஐஸ் செய்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அரசாங்கமே இதை ஒப்புக்கொண்டது. 2015-ம் ஆண்டு தமிழக அரசு கொண்டுவந்த குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகத்தில் 16 பொருட்கள் இருந்தன. சோப்பு, துண்டு, கொசுவலையோடு தாய்க்கு சவுபாக்கிய சுண்டி லேகியமும் இருந்தது.

ஆக, முன்கூட்டியே செய்து வைப்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. "பழசு" என்று மாமியார் முகம் சுளிக்கவும் வேண்டாம்.

மாறியது எது?

அந்தக் காலத்தில் வத்தல் போட்டது யார்? கர்ப்பிணியின் அம்மா. லேகியம் கிளறியது யார்? பாட்டி, அத்தை, சித்தி. பிள்ளைத்தாச்சி திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்திருப்பாள்.

இப்போது அந்த நாலு பேர் வேலையும் ஒருத்தி தலையில் விழுந்துவிட்டது. அதுவும் கால் வீங்கி, மூச்சு வாங்கி நிற்கும் ஒருத்தி தலையில்!

1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. வேலை தேடி வெளியூர்க் குடும்பங்கள் வந்து குவிந்தன. வேலை கிடைத்தது. ஆனால் பாட்டியும் அத்தையும் ஊரிலேயே தங்கிவிட்டார்கள்.

வேலைக்குப் போகும் தாய்க்கு 2017-ம் ஆண்டு சட்டத் திருத்தம் 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு தந்தது. மத்திய அரசில் வேலை பார்க்கும் அப்பாவுக்கு 15 நாள் லீவு உண்டு. தனியார் பட்டறையில் லேத் ஓட்டும் அப்பாவுக்கு? முதலாளி மனது வைத்தால் உண்டு!

சரி, லீவு பிறகுதான் பிரச்சினை. பிரசவத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைகள் யார் கையில் இருக்கின்றன? புருஷன் கையில்தானே!

எதை வைக்கலாம்?

நாலு ஞாயிற்றுக்கிழமை போதும். ஒரு நாள் வத்தக்குழம்பும் பூண்டுக் குழம்பும். ஒரு நாள் பருப்பும், வேகவைத்த கொண்டைக்கடலையும். ஒரு நாள் இட்லி அவித்து ஆறவைத்து அடுக்கலாம். ஒரு நாள் பொடி வகைகள். அதற்கு பிரிஜ்ஜே வேண்டாம்.

உருளைக்கிழங்கு போட்ட குழம்பு உறைந்து இளகினால் சொதசொதவென்று ஆகிவிடும். தயிர் திரிந்துபோகும். அப்பளம், வறுவல் நமுத்துப்போகும். அவற்றை விட்டுவிடலாம். சோறும் ரசமும் அன்றன்றைக்கு வைப்பதே ருசி. அதற்கு அரைமணி நேரம் போதும்.

கொதிக்கும் குழம்பை அப்படியே உள்ளே வைக்கக் கூடாது. அகலமான பாத்திரத்தில் ஊற்றி ஆறவிட்டு, 2 மணி நேரத்துக்குள் உள்ளே போய்விட வேண்டும். வெளியிலேயே கிடந்தால் கிருமி பெருகும். ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்று சின்னதாகப் பிரிக்க வேண்டும். டப்பா மேல் பெயரும் தேதியும் எழுதி ஒட்ட வேண்டும்.

எடுக்கும்போது முதல் நாள் இரவே கீழ்த்தட்டில் வைத்து இளகவிட வேண்டும். பிறகு தளதளவென்று கொதிக்க வேண்டும். ஒருமுறை இளகியதை மறுபடி உறைய வைக்கவே கூடாது.

உறைந்த உணவு கெடாமல் இருக்க பூஜ்யத்துக்கும் கீழே 18 டிகிரி குளிர் வேண்டும். ஒற்றைக் கதவு பிரிஜ்ஜின் மேல் பெட்டியில் அந்தக் குளிர் எப்போதும் நிலையாக நிற்காது. எனவே மாதக்கணக்கில் சேர்க்க வேண்டாம். இரண்டு மூன்று வாரத்துக்கு மட்டும் போதும்.

கரண்ட் போனால்?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது அம்பத்தூர் தொழிற்பேட்டையே தண்ணீரில் நின்றது. சென்னையில் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை.

கதவைத் திறக்காமல் இருந்தால், நிரம்பிய பிரீசர் சுமார் 48 மணி நேரம் தாங்கும். பாதி நிரம்பியது 24 மணி நேரம். கீழ்த்தட்டு 4 மணி நேரம்தான். அதன் பிறகு "அய்யோ, வீணாகுதே" என்று பார்க்கக் கூடாது. கொட்டிவிட வேண்டும். பால் கொடுக்கும் தாய்க்கு வயிற்றுப்போக்கு வந்தால் இரண்டு உயிருக்கும் கஷ்டம்.

ஆகவே, ஐப்பசி-கார்த்திகையில் பிரசவம் என்றால் ஐஸ் பெட்டியை விட வத்தல்-பொடி ஜாடியை அதிகம் நம்பலாம். பாட்டி கெட்டிக்காரி!

டப்பா மட்டும் போதாது

பால் கொடுக்கும் தாய்க்கு வழக்கத்தை விட தினம் 500 முதல் 600 கலோரி வரை கூடுதலாக வேண்டும். பத்தியம் என்று சொல்லி காய்கறியையும் தண்ணீரையும் குறைப்பது தப்பு. கீரை, பருப்பு, முட்டை, மீன் எல்லாம் சேர வேண்டும்.

ராத்திரி மூன்று மணிக்கு குழந்தை அழும். காலையில் கண் எரியும். அப்போது தட்டில் சுடச்சுட சோறும், டப்பாவில் இருந்து எடுத்துக் கொதிக்க வைத்த பூண்டுக் குழம்பும் வந்தால், அது தாய்க்கு ஒரு மணி நேரத் தூக்கம். ஆனால் டப்பா தானாக நடந்து வந்து அடுப்பில் ஏறாது. ஏற்ற ஒரு கை வேண்டும்.

மாமியார் பக்குவம் சொல்லட்டும். அம்மா பொடி திரித்து பஸ்ஸில் கொடுத்து அனுப்பட்டும். நிறைமாதக்காரி நாற்காலியில் உட்கார்ந்து உப்பு பார்க்கட்டும்.

கரண்டியை?

அப்பா ஆகப்போகிறவர் பிடிக்கட்டும்!