காரை மேட்டுல ஏத்திட்டீங்க, அம்மாவை?



ஐப்பசி பொறந்தாச்சுன்னா டிவியில வங்கக்கடலும் காற்றழுத்தத் தாழ்வும்தான். சேலம், நாமக்கல் சீமைக்கும் கடலுக்கும் ரொம்பத் தூரம். அலையை நேர்ல பாக்காத ஆளுக எங்க ஊர்ல இன்னைக்கும் இருக்காங்க. இருந்தாலும் புயல்னா நாங்களும் டிவி முன்னாடி உக்காந்துக்குவோம். வீட்டுக்கு ஒருத்தராவது சென்னையில இருக்காங்களே, அங்க மழைன்னா இங்க யாருக்குத் தூக்கம் வரும்?

இந்த விஷயத்துல எனக்கு ஒரு கருத்து உண்டு. புயல் வருதுன்னு தெரிஞ்சதும் பட்டணத்துல இருக்கறவங்க முதல்ல காரைக் காப்பாத்தறாங்க. அந்தக் காரை வச்சு வீட்டுல இருக்கற பெரியவங்களைக் காப்பாத்தலாம்கறது பலபேருக்குத் தோணறதே இல்லை. ரோடு காஞ்சு கெடக்கும்போதே அவங்களை ஏத்திக்கிட்டுக் கிளம்பிடணும். தண்ணி வந்தப்புறம் காரை எடுக்கவே கூடாது.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்ப, பள்ளிக்கரணையில ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புல இருந்து காரெல்லாம் வரிசையா மிதந்து போன வீடியோவை நீங்களும் பாத்திருப்பீங்க. அந்தப் பயம் அடுத்த வருசம் வேலை செஞ்சுது. 2024 அக்டோபர் நடுவுல கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்து மேல ரெண்டு பக்கமும் காரைக் கொண்டுபோய் நிறுத்திட்டாங்க. வேளச்சேரியில இருக்கற என் தங்கச்சி மகனும் அதுல ஒருத்தன். "நம்ம வண்டி சேஃபுங்க மாமா"ன்னு போட்டோ அனுப்பினான்.

உடனே போன் பண்ணினேன். "உங்கம்மாவை எந்தப் பாலத்துல நிறுத்தியிருக்கறே சாமி?"ன்னு கேட்டேன். சிரிச்சான். "அம்மா வீட்டுலதாங்க மாமா"ன்னான். வீடு தரைத் தளம். என் தங்கச்சிக்கு முட்டி ஆபரேசன் பண்ணி ரெண்டு மாசம்கூட ஆகலை. கையைப் புடிக்க ஆள் இல்லாம ஒரு படி ஏறமுடியாது.

மாப்ளையைக் குத்தம் சொல்லலைங்க. கடன் வாங்கி வாங்கின வண்டி. இஞ்சினுக்குள்ள தண்ணி போனா வண்டியும் போச்சு, தவணையும் நிக்காது. அந்தக் கவலை நியாயம்தான். ஆனா அந்தக் காரே அன்னைக்கு மேட்டுல சும்மா நின்னுச்சு. அதுல ஏறி அதே மேட்டுப் பக்கம் போயிருக்க வேண்டியவங்க பள்ளத்துல இருந்தாங்க. அதுதான் எனக்குப் பொறுக்கலை.

காவேரிக் கரையில இருக்கறவங்க இதை வேற மாதிரி செய்வாங்க. மேட்டூர் அணை 120 அடி நெறைஞ்சு உபரித் தண்ணி தொறந்துட்டா, குமாரபாளையம், பள்ளிபாளையத்துல ஆத்தோரத் தெருவெல்லாம் மைக் கட்டிக்கிட்டு ஆளு வரும். 2018 ஆகஸ்ட்லயும் 2022 ஆகஸ்ட்லயும் வீட்டுக்குள்ளயே தண்ணி வந்துச்சு. மைக் சத்தம் கேட்டா முதல்ல கொழந்தைகளும் பெரியவங்களும், அப்புறம் ஆடு மாடு, கடைசியாத்தான் கட்டில் பீரோ. யாரும் நூறு மைல் போறதில்லை. பக்கத்துல இருக்கற பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம், மேட்டுத் தெருவுல இருக்கற சொந்தக்காரங்க வீடு. அவ்வளவுதான். தண்ணி வடிஞ்சா திரும்பிடுவாங்க.

2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் புயல் வந்துச்சுங்களா, அப்ப மாப்ளை சொல் பேச்சு கேட்டுட்டான். 29-ம் தேதி வெள்ளிக்கிழமை விடியக்காலையில தங்கச்சியை முன் சீட்டுல காலை நீட்டி உக்கார வச்சு, குடும்பத்தோட கிளம்பிட்டான். விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி, ஆத்தூர்னு நிதானமா ஓட்டிக்கிட்டு, பொழுது சாயறதுக்குள்ள தோட்டத்துக்கு வந்துட்டாங்க. தூறல்தான், ரோட்டுல ஒரு தொந்தரவும் இல்லை.

புயல் சனிக்கிழமை ராத்திரி புதுச்சேரி பக்கத்துல கரை கடந்துச்சு. கடந்ததும் போயிடும்னுதான் எல்லாரும் நெனைச்சோம். அது நகராம அங்கயே நின்னு கொட்டுச்சு. அப்புறம் உள்நாட்டுக்குள்ள வந்துச்சு. எங்களுக்கு வடக்கே கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர் மழை. ரோட்டோரம் நிறுத்தியிருந்த வேன், காரையெல்லாம் தண்ணி இழுத்துக்கிட்டுப் போயிடுச்சு. ஏற்காடு மலைப்பாதையில மண்ணு சரிஞ்சு போக்குவரத்து நின்னுச்சு. தென்பெண்ணையில வெள்ளம் வந்து, விழுப்புரம் பக்கம் அரசூர்ல சென்னை-திருச்சி நெடுஞ்சாலைக்கு மேலயே தண்ணி ஓடுச்சு.

மாப்ளை குடியிருக்கற அதே அடுக்குமாடியில இருந்து இன்னொரு குடும்பம் திங்கக்கிழமை கிளம்பியிருக்காங்க. புயல்தான் கடந்துருச்சே, இனி என்னன்னு நெனைச்சிருப்பாங்க. விழுப்புரம் பக்கம் கைக்கொழந்தையோட மணிக்கணக்கா காருக்குள்ளயே உக்காந்திருந்து, கடைசியில திரும்பிப் போயிட்டாங்களாம். மாப்ளை வந்த அதே ரோடுதான். மூணு நாள்தான் வித்தியாசம்.

இதுல இருந்து ரெண்டு விஷயம் தெரியுது. ஒண்ணு, சீக்கிரம் கிளம்பறவங்களுக்குத்தான் கார் உதவும். ரெண்டாவது, கடல் தூரமா இருக்குதுன்னு எந்த ஊரையும் நம்பிடக் கூடாது. போற ஊருக்கு என்ன எச்சரிக்கை, வழியில எந்த ஆறு குறுக்க வருதுன்னு பாத்துட்டுத்தான் கிளம்பணும். எங்க பக்கமும் பேஞ்சுது. என் குச்சிக்கிழங்குக் காட்டுல மூணு நாள் தண்ணி நின்னு கால் ஏக்கர் கிழங்கு அழுகிருச்சு. வீடு மேட்டுல இருந்ததால தங்கச்சி நிம்மதியாத் தூங்கினா.

நாமக்கல் லாரிக்குப் பேர்போன ஊருங்க. எங்க ஊர் லாரி டிரைவருங்ககிட்ட ஒரு பழக்கம் உண்டு. தரைப்பாலத்து மேல தண்ணி ஓடுச்சுன்னா இந்தப் பக்கமே வண்டியை ஓரங்கட்டி, அடுப்பைப் பத்தவச்சுச் சோறாக்க ஆரம்பிச்சுடுவாங்க. இருவது டன் பாரம் ஏத்தின வண்டிக்காரரே இறங்கி நிப்பாரு. பின்னால வர்ற சின்னக் கார் ஆரனை அடிச்சுக்கிட்டுத் தாண்டிப் போகப் பாக்கும். ஓடற தண்ணி ஒரு அடி இருந்தாலே சின்னக் காரைத் தூக்கிடும். ரெண்டு அடின்னா பெரும்பாலான வண்டி நிக்காது. தண்ணிக்கு அடியில பாலம் இருக்குதா இல்லையாங்கறதும் மேல இருந்து பாத்தாத் தெரியாது.

"எல்லாரும் காரை எடுத்துக்கிட்டுக் கிளம்பினா ரோடு தாங்குமா?"ன்னு நீங்க கேப்பீங்க. தாங்காதுங்க. அமெரிக்காவுலயே தாங்கலை. 2005 செப்டம்பர்ல ரீட்டா புயலுக்குப் பயந்து ஹூஸ்டன் பக்கத்துல இருந்து 25 லட்சம் பேருக்கு மேல கிளம்பினாங்க. நூறு மைலுக்கு வண்டி நின்னுபோச்சு, பெட்ரோல் தீந்துபோச்சு, வெயில் வேற. முதியோர் இல்லத்து ஆளுகளை ஏத்திட்டு வந்த ஒரு பஸ்ஸு தீப்புடிச்சு 23 பேர் செத்துட்டாங்க. புயல் அடிச்சுச் செத்தவங்களைவிட, கிளம்பிப் போற வழியில செத்தவங்கதான் அதிகம். அதுக்கு ஒரு மாசம் முன்னாடி கத்ரீனா புயல்ல நியூ ஆர்லியன்ஸ்ல மாட்டிக்கிட்டவங்கள்ல பலபேர் கார் இல்லாத ஏழைங்க.

நம்ம நாட்டுலயே நல்லபடியா நடந்ததும் உண்டு. ஒடிசாவுல 1999 பெரும்புயல்ல பத்தாயிரம் பேர் அளவுக்குச் செத்தாங்க. 2019-ல ஃபானி புயல் வந்தப்ப, முன்கூட்டியே சுமார் 12 லட்சம் பேரைப் புயல் பாதுகாப்பு மையங்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் மாத்திட்டாங்க. சாவு எண்ணிக்கை நூறைத் தாண்டலை. அவங்கள்ல முக்கால்வாசிப் பேர் கார் இல்லாதவங்கதான். முன்கூட்டியே, பக்கத்துல இருக்கற பத்திரமான கட்டடத்துக்குப் போனாங்க. காவேரிக்கரையில நாங்க செய்யறதும் அதேதான்.

அதனால எல்லாரும் ஊருக்கு வாங்கன்னு நான் கூப்பிடலை. தரைத் தளத்துல இருக்கறவங்க, நடக்கமுடியாத பெரியவங்க, மாசமா இருக்கற பொண்ணுங்க, வாரத்துக்கு ரெண்டு தடவை டயாலிசிஸ் பண்றவங்க, இவங்களைத்தான் முதல்ல நகத்தணும். அதுக்கு நாமக்கல் வரைக்கும் வரணும்னுகூட இல்லை. அதே சென்னையில மேட்டுப் பகுதியில மூணாவது மாடியில இருக்கற சித்தப்பா வீடு போதும். டயாலிசிஸ்காரங்களை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல தங்கவச்சாத்தான் நல்லது.

கம்பெனிக்காரங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். ராத்திரி பத்து மணிக்கு "நாளைக்கு வீட்டுல இருந்தே வேலை பாருங்க"ன்னு மெசேஜ் அனுப்பினா, அதுக்கப்புறம் எங்க போறது? வீட்டுல படுக்கையில ஆள் வச்சிருக்கறவங்களை ரெண்டு நாள் முன்னாடியே விட்டுடுங்க. லேப்டாப்பை எந்த ஊர்ல வச்சுத் தட்டினா என்ன? அரசாங்கமும் "தாழ்வான பகுதி மக்கள்"னு பொத்தாம்பொதுவாச் சொன்னா, அது அடுத்த தெருக்காரனைச் சொல்றாங்கன்னுதான் எல்லாரும் நெனைச்சுக்கறாங்க. காவேரிக்கரை மைக்ல தெருப் பேரைச் சொல்லிக் கூப்பிடறாங்க. சென்னையிலயும் அப்படிக் கூப்பிடணும்.

இன்னொண்ணுங்க. மேம்பாலத்துல நிறுத்தின கார்ல அஞ்சு சீட்டு இருக்கும். உங்க வீட்டுல ரெண்டு பேர்தான் கிளம்பறாங்கன்னா, அந்தக் குடியிருப்பு வாட்ச்மேன் எங்க படுக்கறாரு, வீட்டு வேலைக்கு வர்ற அம்மா எந்தக் கரையோரம் குடியிருக்காங்கன்னு ஒரு வார்த்தை கேட்டுடுங்க. அவங்களை மேட்டுல இருக்கற ஒரு வீட்டுலயோ முகாம்லயோ விட்டுட்டுப் போக அரைமணி நேரம்கூட ஆகாது. ரோடு காஞ்சிருக்கற வரைக்கும்தான் அதைச் செய்யமுடியும்.