விண்ணில் விமானம், கையில் கடிவாளம்

மாதிரி விமானம் பறக்கவிடுவது பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என எண்ணுவோர் நம்மிடையே உண்டு. தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் அது பயிற்சியின் ஒரு பகுதி. உதவித்தொகையை நம்பிப் படிக்கும் என் போன்றோரும் அப்பிரிவில் இருக்கிறோம். எனவே எந்த ரேடியோ டிரான்ஸ்மிட்டரை வாங்குவது என்பது எங்களுக்கு விளையாட்டுக் கேள்வி அன்று.

என் துணிபு இது: சிக்கனத்தை விமானத்தில் காட்டுங்கள், டிரான்ஸ்மிட்டரில் காட்டாதீர்கள். தெர்மாகோல் விமானம் தரையில் மோதினால் ஒட்டிக்கொள்ளலாம். ஒட்ட முடியாவிட்டால் வேறொன்று செய்யலாம். கையிலுள்ள கருவியோ பத்து விமானங்கள் மாண்ட பின்னும் உழைக்கும். அதற்காக உச்சவிலைக் கருவிக்குக் கடன் வாங்கச் சொல்லவில்லை. இடைத்தரமே போதும். ஆனால் இடைத்தரம் என்பதை எதைக் கொண்டு அளப்பது?

கடைக்காரர் முதலில் அளப்பது தூரத்தை. இத்தனை கிலோமீட்டர் எட்டும் என்பார். ஒரு மீட்டர் இறக்கையுள்ள விமானம் அரைக் கிலோமீட்டர் சென்றாலே கண்ணுக்குப் புள்ளிதான். மூக்கு எது, வால் எது என்று தெரியாது. 2021-ஆம் ஆண்டின் டிரோன் விதிகளும் மாதிரி விமானம் கண்பார்வைக்குள் பறப்பது என்றே வரையறுக்கின்றன. பின் எதற்கு அந்தக் கிலோமீட்டர்? 35, 72 மெகாஹெர்ட்ஸ் காலத்தில் ஒரே அலைவரிசையில் இருவர் கருவியை இயக்கினால் விமானம் விழுந்தது. இன்று 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைவரிசை மாற்றி மாற்றித் தாவும் கருவிகள் வந்து அக்கவலை பெரிதும் தீர்ந்தது.

சேனல் எண்ணிக்கையும் அப்படித்தான். ஏலரான், எலிவேட்டர், ரடர், திராட்டில் என நான்கு கட்டாயம். பிளாப்பும் மடங்கும் சக்கரமும் சேர்ந்தால் ஆறு. எட்டு இருந்தால் தாராளம்.

பணம் போகவேண்டிய இடம் கைப்பிடிக் குச்சிகள். மலிவான கருவிகளில் குச்சியின் அடியில் பொட்டன்ஷியோமீட்டர் இருக்கும். அதன் பட்டை நாளடைவில் தேயும். தேய்ந்தால் குச்சி நடுவில் நின்றாலும் சர்வோ நடுங்கும். இடைத்தரக் கருவிகள் பலவற்றில் ஹால் உணரி இருக்கிறது. காந்தத்தின் அசைவை அறிந்து செயற்படும் அதில் உராய்வு இல்லை. ஆகவே தேய்மானமும் இல்லை. பலர் தொடங்கும் ஃப்ளைஸ்கை ஐ6 கெட்ட கருவி அன்று. ஆறு சேனல், இருபது விமானங்களின் நினைவு எல்லாம் உண்டு. ஆயினும் நான்காண்டு உழைக்கவேண்டுமெனில் ரேடியோமாஸ்டர் பாக்ஸர் போன்ற ஹால் குச்சிக் கருவிக்குச் சேமிப்பது மேல். வண்ணத்திரை இல்லையே என்பார்கள். உச்சி வெயிலில் வானத்தைப் பார்ப்போமா, திரையைப் பார்ப்போமா?

விலைச்சீட்டில் தெரியாத செலவு ஒன்றும் உண்டு, அதுதான் ரிசீவர். டிரான்ஸ்மிட்டர் ஒன்றுதான், ரிசீவரோ விமானத்துக்கு ஒன்று வேண்டும். ஒரு நிறுவனத்தின் ரிசீவர் பெரும்பாலும் மற்றொன்றின் டிரான்ஸ்மிட்டருடன் பேசாது. ஃபியூடாபாவும் ஸ்பெக்ட்ரமும் பெயர்பெற்றவை, மறுக்கவில்லை. ஆனால் அவ்வழி சென்றால் ஐந்து விமானத்துக்கும் அவ்விலை கொடுக்கவேண்டும். எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் என்னும் திறந்த முறையில் பல நிறுவனங்கள் ரிசீவர் செய்கின்றன. போட்டி இருப்பதால் விலை இறங்குகிறது. மாணவனுக்கு இதுவே ஏற்றது என்பேன்.

எதை வாங்கினும் ஃபெயில்சேஃபைச் சரிபார்க்காமல் பறக்கவிடாதீர்கள். தொடர்பு அறுந்தால் மோட்டார் நிற்கவேண்டும். விமானத்தைக் கட்டிவைத்து, விசிறியைக் கழற்றி, மோட்டாரை மெதுவாக ஓடவிட்டு டிரான்ஸ்மிட்டரை அணைத்தால் உண்மை விளங்கிவிடும். ஒரு கிலோ எடை மைதானத்தில் நிற்பவர் தலைக்குமேல் பறக்கும்போது இது சின்ன விஷயமா?

நம் கல்லூரிப் பிரிவுக்கும் ஒரு வேண்டுகோள். விலையுயர்ந்த கருவி ஒன்று வாங்குவதைவிட, ஒரே வகை இடைத்தரக் கருவிகள் இரண்டு வாங்கலாம். டிரெய்னர் இணைப்பால் இரண்டையும் சேர்த்து, ஒன்றை ஆசானும் மற்றதை மாணவனும் பிடிக்கவேண்டும். இரண்டிலும் திராட்டில் ஒரே பக்கம் இருக்கட்டும்; மோட் 2 என்றால் இடக்கை. ஆசான் ஒரு சுவிட்சை அழுத்திப் பிடித்திருக்கும் வரை மாணவன் ஓட்டுவான். விமானம் தடுமாறினால் விரலை எடுத்தால் போதும், கட்டுப்பாடு அந்நொடியே ஆசானின் கைக்கு வந்துவிடும்.